தாழ்ப்பாள் இல்லாத வீட்டுக்கு வந்த மீன்

அந்தப் பக்கத்தில் யார் வீட்டுக் கதவு மக்கர் பண்ணினாலும் பூட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். சாவியை உள்ளே வைத்துவிட்டு வெளியே நின்று விழிப்பவர்கள், சாவியை ஒடித்துப் பாதியைப் பூட்டுக்குள்ளேயே விட்டவர்கள், கோபத்தில் தாழிட்டுக்கொண்ட மனைவிமார்களின் கணவன்மார்கள் என்று எல்லோருக்கும் அவர் வேண்டும். ஊரைப் பூட்டியும் திறந்துமே வயிறு வளர்த்த அந்த மனிதரின் சொந்த வீட்டில், வாசல் கதவைத் தவிர எந்தக் கதவுக்கும் பூட்டுக் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. குளியலறைக்கு மட்டும் ஒரு கொக்கி உண்டு. அதுவும் மகள் வளர்ந்த பிறகு மனைவி சண்டை போட்டு வாங்கியது. “வீடுன்னா காத்து போகணும், ஆள் போகணும். அடைச்சு வைக்கிறதுக்கு அது என்ன பெட்டியா?” என்பது அவர் கட்சி. ஊரார் எல்லோரும் இந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டால் தம் பிழைப்பு என்னவாகும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கொள்கை மனிதர்களோடு நிற்கவில்லை. கூடத்தில் ஒரு சுவரை முழுசாகப் பிடித்துக்கொண்டு ஆளுயர நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல். வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து, அதற்கென்று விற்கும் உப்பைக் கரைத்து, அவரே உண்டாக்கிய கடல். பாறைகள், பாறைகளில் ஒட்டி விரியும் பவளங்கள், இடுக்குகளில் குடியிருக்கும் இறால்கள், ஒன்றையொன்று அறிந்த ஒரு கூட்டம் மீன்கள். வேலையிலிருந்து வந்ததும் முதலில் தொட்டியைப் பார்ப்பார், பிறகுதான் மனைவியை. மனைவிக்கு இதில் வருத்தம் இல்லை. “அதப் பாத்து முடிச்சா மொகம் கொஞ்சம் மனுச மொகமா இருக்கும். அப்புறமா என்னப் பாக்கட்டும்,” என்பாள்.

கடல் மீன் வளர்ப்பவர்களிடையே ஒரு விதி உண்டு. புதிதாக வாங்கிய மீனைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். நோய் இருந்தால் மருந்து போட வேண்டும். அதற்கப்புறம்தான் மற்ற மீன்களோடு விட வேண்டும். பூட்டுக்காரர் இந்த விதியை ஒரு நாளும் மதித்ததில்லை. கடையிலிருந்து வந்த மீன் அன்றைக்கே கூடத்துத் தொட்டிக்குள் போய்விடும். அதற்காக அவரை அசட்டையான ஆள் என்று சொல்லிவிட முடியாது. ஒரு மீனை வாங்குவதற்கு முன் கடையில் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பல நாள் பார்ப்பார். அது சாப்பிடுவதைக் கண்ணால் காணாமல் வாங்க மாட்டார். மீன் கடைக்காரர், “பொண்ணு பாக்கக்கூட இத்தன தடவ வந்திருக்க மாட்டீங்க,” என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் விளக்கை அணைப்பார். சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து பழக்குவார். விடுவதற்கு முன்னால் பழைய மீன்களுக்கெல்லாம் வயிறு முட்டத் தீனி போடுவார். “சாப்பிட்டு முடிச்சவன் விருந்தாளிய மொறைக்க மாட்டான்.”

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. கிருமி எல்லாத் தண்ணீரிலும் இருக்கிறது. வயிறு நிறைந்தவனை, பயம் இல்லாதவனை, அது ஒன்றும் செய்யாது. எனவே கிருமியைத் துரத்தாதே, பயத்தைத் துரத்து. பொடியாக அரிந்த இறால், சிப்பிச் சதை, பூண்டுச் சாற்றில் ஊறவைத்த கடற்பாசி என்று தினம் ஒரு பதார்த்தம். பூண்டு மீனுக்கு என்ன செய்ததோ, கூடம் முழுக்க மணக்கும். எப்போதாவது ஒரு மீனின் மேல் உப்புக்கல் ஒட்டியதுபோல நாலு வெள்ளைப் புள்ளி தெரியும். அவர் அசைய மாட்டார். இரண்டொரு நாளில் அது மறைந்துவிடும். “பாத்தியா?” என்பார், யாரும் கேட்காமலே.

இதற்கு நேர் எதிராக ஒருவர் வேண்டுமே. அதற்கும் வெளியே போக வேண்டியதில்லை. அக்காவைக் கட்டிய மச்சான் இருந்தார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாழ்நாள் முழுவதும் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டை வைத்து அதற்குள் என்ன நெளிகிறது என்று பார்த்தவர். பார்த்த மனிதருக்கு உலகம் வேறு மாதிரி தெரிந்ததில் வியப்பில்லை. அவரும் கடல் மீன்தான் வளர்த்தார். மச்சினன் வீட்டுத் தொட்டியைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் தொடங்கினார். ஆனால் அவர் வீட்டில் மணல்கூட இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டிகள் இரண்டு இருந்தன. எந்த மீனும் அங்கே மாதக் கணக்கில் இருந்து, தாமிர மருந்தில் குளித்து, குற்றமற்றது என்று நிரூபித்த பிறகே பெரிய தொட்டிக்குப் போகும். அந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை. செருப்பு வெளியே, கை கழுவியபின் உள்ளே, பேச்சு மெதுவாக. அக்காவும் அப்படியே ஆகிவிட்டாள்.

இரண்டு பேரும் சந்தித்தால் சமையல் ஆறிப்போகும்.

“நீங்க மீனு வளக்கல மச்சான். பேஷன்ட் வளக்குறீங்க.”

“உன் தொட்டில இருக்கிறது மீனு இல்ல மாப்ளே, தப்பிச்சவங்க. தப்பிக்காதவங்கள நீ கணக்குல சேக்குறதில்ல.”

“அப்பிடி என்ன பெருசா செத்துப்போச்சு எங்கிட்ட?”

“அதத்தான் சொல்றேன். ஞாபகமே இல்ல பாரு.”

அக்காவும் மனைவியும் அடுப்படியிலிருந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இந்தச் சண்டை தீராது என்பதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி இருந்தது.

அது ஒரு நாள் தீர்ந்தது. மச்சான் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அந்தச் செய்தி வந்தபோது பூட்டுக்காரர் யாருடைய பீரோவையோ திறந்துகொண்டிருந்தார். திறந்து கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அக்கா தம்பி வீட்டுக்கு வந்தாள். மற்ற மீன்களை மச்சானின் சிநேகிதர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். அவள் இரண்டு பெட்டியும், அந்த வெறும் கண்ணாடித் தொட்டிகள் இரண்டும், மூடி போட்ட ஒரு வாளியும் கொண்டுவந்தாள். வாளிக்குள் மேனேஜர்.

மேனேஜர் என்பது மீன். எலுமிச்சம் பழத்தைத் தட்டையாக அடித்தால் இருக்கும் நிறமும் வடிவமும். தொட்டியின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைவரை ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, பார்த்து, குறை கண்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்குப் போகும். மச்சான் வைத்த பெயர். எட்டு வருஷமாக அவர் கையில் சாப்பிட்டது.

“இது மட்டும் இருக்கணும்டா,” என்றாள் அக்கா. செத்த வீட்டில்கூட அவள் அழவில்லை. இதைச் சொல்லும்போதும் அழவில்லை. அழுதிருந்தால் பூட்டுக்காரருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“என் உசிரு மாதிரி பாத்துக்குறேன்க்கா.”

முறைப்படி எல்லாம் நடந்தது. விளக்கை அணைத்தார், பழைய மீன்களுக்கு விருந்து வைத்தார், சொட்டுத் தண்ணீர் விட்டார். மேனேஜர் உள்ளே போய், பாறைகளைச் சுற்றிப் பார்த்து, எதிலும் திருப்தி இல்லாமல் ஒரு மூலையில் நின்றது. அக்கா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கூடத்தில் டி.வி. ஓடியது, பக்கத்து வீட்டுக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்து, விசாரித்து முடித்தபின் வேறு கதை பேசினார்கள், மகள் போனில் சிரித்தாள், மனைவி அண்ணியை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டாள். “அத்த தூங்குறாங்களான்னு பாரு,” என்று மகளை அனுப்புவாள். தூங்க முயன்றுகொண்டிருந்த அத்தை, கதவு திறக்கும் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்து, “இல்லம்மா, முழிச்சுத்தான் இருக்கேன்,” என்பாள். அன்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. மூச்சு விடத்தான் இடம் இல்லை.

அந்த வாரத்தின் கடைசியில் மேனேஜரின் மேல் புள்ளிகள் வந்தன.

“வரும், போகும்,” என்றார் பூட்டுக்காரர். பூண்டைக் கூட்டினார். போயின. “பாத்தியாக்கா?” என்றார். அக்கா தலையசைத்தாள். சில நாளில் மறுபடி வந்தன. இந்த முறை நாலைந்து இல்லை. மஞ்சள் தெரியாத அளவுக்கு, மாவில் புரட்டி எடுத்ததுபோல. மேனேஜர் பாறையில் உடம்பைத் தேய்த்தது. மூச்சு வேகமாக வாங்கியது. கடற்பாசியின் முன்னால் போய் நின்று, பார்த்து, திரும்பிக்கொண்டது. ஆச்சரியம் என்னவென்றால் மற்ற மீன்கள் எல்லாம் பளபளவென்று, ஒரு புள்ளி இல்லாமல் சுற்றி வந்தன.

அவர் சித்தாந்தத்தில் இதற்கு விளக்கம் இல்லை. கொண்டுவந்த மீன் நோயோடு வந்தால் நோய்ப்படும், சரி. ஆனால் மச்சான் வீட்டு மீனிடம் நோய் இருக்க வாய்ப்பே இல்லை. எட்டு வருஷம் கிருமி என்றால் என்னவென்றே தெரியாமல் பொத்திப் பொத்தி வளர்ந்தது அது.

விடை வேலையிடத்தில் கிடைத்தது. ஒரு துணிக்கடையில் திருட்டு. முதலாளி பதறிப்போய்ப் பூட்டுக்காரரைக் கூப்பிட்டிருந்தார். பூட்டைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. இந்த மாதிரி எத்தனையோ பார்த்தவர். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

“பூட்டு நல்லா இருக்கு சார். வெளியில இருந்து யாரும் வரல. ஆள் உள்ளயேதான்.”

சொல்லிவிட்டுத் திருகாணியைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். முதலாளி, “என்னங்க, யாருன்னு தெரிஞ்சுபோச்சா?” என்றார்.

“தெரிஞ்சுபோச்சு,” என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அந்த முதலாளி பாவம், அன்றைக்கு முழுவதும் தன் வேலைக்காரர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

தம் மீன்கள் ஆரோக்கியமானவை. அது பொய் இல்லை. ஆனால் அவை நோய் இல்லாதவை அல்ல. அதை உடம்பில் வைத்துக்கொண்டே, அதோடு சமரசமாக, வருஷக் கணக்காக வாழப் பழகியவை. பழகாத ஒன்றை நடுவில் கொண்டுவந்து விட்டது அவர். இருபது வருஷமாக வாசலையே பார்த்துக்கொண்டு, வருகிறவன்தான் ஆபத்து, அவனைக் கண்டு நான் பயப்படவில்லை என்று மார்தட்டியவர். வருகிறவனுக்குத் தம் வீடு ஆபத்தாக இருக்கலாம் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. மச்சான் சொன்ன, தப்பிக்காத மீன்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பஸ்ஸில் வரும் வழி முழுவதும் வந்தன.

அக்கா தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்தார்.

“அக்கா, அதுக்கு நோய் எங்க இருந்தும் வரல. எங்கிட்ட இருந்துதான். என் தண்ணியிலதான் இருக்கு.”

“தெரியும்டா.”

“தெரியுமா?”

“அவரு சொல்லியிருக்காரு. உன் தொட்டில இருந்து ஒரு சொட்டு நம்ம வீட்டுக்கு வரக்கூடாதும்பாரு. உனக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு உங்கிட்ட சொன்னதில்ல.”

“அப்ப ஏன்க்கா நான் விடும்போது தடுக்கல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!”

அக்கா மீனையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: “வந்த எடத்துல என் வீட்டு வழக்கத்தப் பேசலாமா? உன் வீடு, உன் மொறைன்னு நெனச்சேன்.”

பூட்டுக்காரர் எழுந்து பரணை அண்ணாந்து பார்த்தார். 

மருந்து வேண்டாம், அதில் அவர் மாறவில்லை. கூடத்துத் தொட்டியில் தாமிரம் பட்டால் பாறையும் பவளமும் இறாலும் போய்விடும். மருந்தில்லாமல் ஒரு வழி மச்சான் வீட்டிலேயே இருந்தது. வெறும் தொட்டி இரண்டு. ஒன்றில் புதுத் தண்ணீரில் மீனை விட வேண்டும். மூன்று நாளில், மீனின் உடம்பிலிருந்து உதிர்ந்த கிருமியை அங்கேயே விட்டுவிட்டு, மீனை மட்டும் அடுத்ததற்கு மாற்ற வேண்டும். காலியானதைக் கழுவிக் காயவைக்க வேண்டும். இப்படிச் சில சுற்று. அவர் ‘ஐ.சி.யூ.’ என்று கேலி செய்த அதே கண்ணாடிப் பெட்டிகள், இப்போது பரணில்.

அதற்கு முதலில் மீனைப் பிடிக்க வேண்டும். பாறைகளுக்கு நடுவே ஒளியும் மீனை வலையால் பிடிக்க முடியாது. பாறைகளையெல்லாம் வெளியே எடுத்தாக வேண்டும். எடுத்தால் எல்லா மீனும் கலங்கும். மீனைப் பயமுறுத்தாதே என்று வாழ்ந்தவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, முதல் பாறையில் கை வைத்தார்.

“கல்லையெல்லாம் எடுக்காதடா,” என்றாள் அக்கா. அந்த வீட்டுக்கு வந்தபின் அவள் குரல் சற்று உயர்ந்தது அப்போதுதான். “அது கிண்ணத்துக்கு வரும்.”

“எந்தக் கிண்ணத்துக்கு?”

“வெள்ளக் கிண்ணம். அவரு பழக்கி வச்சிருக்காரு. உள்ள பாசிய வச்சு இறக்கினா தானே வந்து நிக்கும். என் பெட்டில வச்சிருந்தேனே, அடுப்படில குடுத்தேன்.”

அடுப்படியில் மனைவியின் கை நின்றது. எட்டு வருஷ மேனேஜரின் பல்லக்கில் அப்போது நறுக்கிய வெங்காயம் இருந்தது.

“ஐயோ அண்ணி! சாமான்னு நெனச்சு எடுத்துப் பொழங்கிட்டேனே. சோப்பு வேற போட்டு வெளக்கிட்டேன். சோப்பு பட்டா மீனுக்கு ஆகாதுன்னு இவரு தலபாடா அடிச்சுக்குவாரே!”

“அதனால என்னம்மா. கழுவினாப் போச்சு.”

கழுவினார்கள். அக்கா, மனைவி, மகள் மூன்று பேரும் முறைவைத்துக் கழுவி, மோந்து பார்த்து, மறுபடி கழுவினார்கள். “அத்த, இப்ப வெங்காய வாசன இல்ல. பூண்டு வாசனதான்,” என்றாள் மகள். “அது அப்பா வாசன.” அக்காவின் உதட்டில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சத்தியம் பண்ண முடியாது.

டி.வி.யை அணைத்தார்கள். அக்கா முழங்கைவரை வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டு, கிண்ணத்தில் ஒரு துண்டுப் பாசியை விரலால் அழுத்திப் பிடித்து, தண்ணீருக்குள் இறக்கினாள். மேனேஜர் பாறை இடுக்கில் சாய்ந்து கிடந்தது.  அந்தக் கூடத்தில் இவ்வளவு நேரம் யாரும் பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவை. அக்காவின் கை வலித்திருக்கும், எடுக்கவில்லை. மீன் அசைந்தது. வெளியே வந்தது. கிண்ணத்தின் விளிம்பில் நின்று, எப்போதும்போல், ஒரு பார்வை பார்த்தது. இப்போது அந்த விரல் வேறு விரல் என்று அதற்குத் தெரிந்திருக்குமா, தெரியாது. உள்ளே வந்தது. பாசியைக் கடிக்கவில்லை, ஆனால் நின்றது.

“வாங்க மேனேஜர்,” என்றாள் அக்கா. மச்சானின் சொல் அது; அவர் அப்படித்தான் கூப்பிடுவார். கிண்ணத்தை மெல்லத் தூக்கினாள். பூட்டுக்காரர் கீழே கை கொடுத்தார்.

வெறும் தொட்டியை அக்காவின் அறையில் வைத்தார்கள். ஜன்னலோரம், சத்தம் எட்டாத இடம். பூட்டுக்காரர் தண்ணீர் சுமந்தார், உப்புக் கரைத்தார், சூடு பார்த்தார். அக்கா பக்கத்தில் நின்று, “இன்னுங் கொஞ்சம் ஆறட்டும்,” என்றாள். தாம் அறிந்ததையே அவள் சொல்லக் கேட்டும் மறுத்துப் பேசாதது அவருடைய அகராதியில் புதுச் சொல். எல்லாம் முடிந்து அவர் கிளம்பும்போது அக்கா கூப்பிட்டாள்.

“தம்பி, இந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுடா.”

“மீனுக்காகவாக்கா? யாரும் வராம நான் சொல்லி வைக்கிறேன்.”

“மீனுக்குந்தான்.”

 பூட்டுக்காரர் தம் கருவிப் பையை எடுத்துவந்தார். ஊரில் எத்தனையோ கதவுகளில் துளையிட்ட கை, சொந்த வீட்டுக் கதவில் பென்சிலால் குறி வைக்கும்போது இரண்டு தடவை அழித்துப் போட்டது. இருந்ததில் நல்லதாகப் பார்த்து, பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றை உள்பக்கம் பொருத்தினார். இழுத்துப் பார்த்தார். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. வெளியே வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் அது மறுபடி போய் உட்கார்ந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. அடக்கிய அழுகை அல்ல. மனைவி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கை கதவை நோக்கி நீண்டது. பூட்டுக்காரர் குறுக்கே நின்றார்.

“வேணாம்.”

“என்னங்க வேணாம்? அண்ணி அழுவுறாங்க!”

“அழட்டும். தாழ்ப்பாள் எதுக்குப் போட்டேன்?”

இரண்டு பேரும் கதவுக்கு வெளியே, தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். மகள் வந்து, அழுகையைக் கேட்டு, தானும் உட்கார்ந்தாள்.

சுற்றுகள் முடியும்போது மேனேஜரின் மஞ்சள் திரும்பிவிட்டது. வாலில் மட்டும் ஒரு கிழிசல் ஆறாமல் நின்றது. பெரிய தொட்டிக்கு அது திரும்பிப் போகவில்லை. அதற்கென்று நடுத்தரமாக ஒரு தொட்டி அந்த ஜன்னலோரத்துக்கே வந்தது. காலையில் பூட்டுக்காரர் முழங்கைவரை கையைக் கழுவித் துடைத்து, கதவைத் தட்டிவிட்டு நிற்பார். திறந்தால் போவார், திறக்காவிட்டால் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். பகலில் அக்கா தானாகவே கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, டி.வி.யைப் பார்த்து, நாத்தனாரின் அதிகாரத்தோடு குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்லத் தொடங்கினாள். மனைவிக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

பூட்டுக்காரர் திருந்திவிட்டார் என்று யாரும் எண்ண வேண்டாம். போன மாதம்கூட ஒரு மீன் வாங்கி, விளக்கை அணைத்து, அன்றைக்கே கூடத்துத் தொட்டியில் விட்டார். கொண்டுவந்து கொடுத்த மீன் கடைக்காரர் காபியைக் குடித்துக்கொண்டே வாயைக் கிளறினார்.

“தனித்தொட்டியே தேவையில்லம்பீங்க. அப்ப வரும்போது அந்த ரூம் ஜன்னல் வழியா ஒரு தொட்டி தெரிஞ்சுதே, அது என்ன?”

“அதுவா?” பூட்டுக்காரர் விரலிலிருந்த பூண்டை மோந்துவிட்டு, மூடியிருந்த கதவைப் பார்த்தார். “அது எங்க அக்கா வீடு.”